லாம்டா மியூசிக்கல் தியேட்டர் டூயலாக்: பாட்டு பாடமாகிவிட்டது, காட்சி நிற்கவில்லை

வடலி எழுதியது:

வணக்கம். மகளும் அவவின்ர சிநேகிதியும் (ரெண்டு பேருக்கும் 14 வயது) லண்டனில லாம்டா (நாடகம், பேச்சுக் கலைக்குச் சோதனை வைக்கிற வாரியம்) மியூசிக்கல் தியேட்டர், டூயலாக் பிரிவு (ரெண்டு பேர் சேர்ந்து நடிச்சுப் பாடுறது), கிரேடு 5 எடுக்கினம். 'கைஸ் அண்ட் டால்ஸ்' நாடகத்தில வாற 'மேரி த மேன் டுடே' பாட்டு. மகள் அடிலெய்ட், மற்றவ சாரா. சோதனைக்கு இன்னும் பத்துக் கிழமை இருக்கு. சொல்லும் மெட்டும் ரெண்டு பேருக்கும் பாடம். ஆனா கீழ சொல்லுற இடங்களில தட்டுப்படுது:

ரெண்டு பேரின்ர வரியும் ஒண்டுக்கு மேல ஒண்டு வாற இடத்தில சாரா தன்ர வரியை விட்டிட்டு மகளின்ர வரிக்குப் போயிடுறா. ஒவ்வொரு முறையும் அதே இடம்தான்.

யூடியூப்பில எடுத்த பேக்கிங் ட்ராக்கில (குரல் இல்லாமல் இருக்க வேண்டிய பின்னணி இசை) பின்னால மெல்லிசா ஆரோ பாடுற சத்தம் கேக்குது. நீளமும் கூட. வெட்டலாமோ?

பாக்கேக்க ரெண்டு பேர் கச்சேரியில பாடுற மாதிரித்தான் இருக்கு, காட்சி மாதிரி இல்லை. பக்கத்தில பக்கத்தில நிண்டு முன்னால பாத்துப் பாடினம்.

பாடி முடிய எக்ஸாமினர் கேள்வி கேப்பாராம். படத்தைப் போட்டுக் காட்டினன், படத்தில இந்தப் பாட்டே இல்லை!

இன்னொண்டு: ரெண்டு பேரும் சின்னனில இருந்து கர்நாடக சங்கீதம், மகள் பரதமும். அது இதுக்கு உதவியோ, இடைஞ்சலோ?

---

ஒத்திகை_அறை எழுதியது:

படத்தில் இல்லைதான். 1955-ல் வந்த படத்தில் இந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள். 1950 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறிய நாடகத்தில் ரெண்டாம் அங்கத்தின் கடைசிப் பக்கம் இது வரும். ஆகவே முதல் வேலை, நாடகப் பிரதியை ரெண்டு பேரும் முழுக்கப் படிப்பது. பாட்டுக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தக் காட்சி நிற்காது.

நடந்தது இதுதான். சாரா வேலை பார்க்கும் மிஷனில் (மதப் பணிக் கூடம்) நடக்கும் கூட்டத்தில் சூதாட்டம் நடத்தும் நேதன் எழுந்து, 'ஒரு பெண்ணை ஹவானாவுக்குக் கூட்டிப் போக முடியாது என்று ஒருத்தனிடம் பந்தயம் கட்டினேன், ஜெயித்தேன்' என்று பாவமன்னிப்புக் கேட்கிறான். சாரா உண்மையில் ஸ்கை என்ற சூதாடியோடு ஹவானாவுக்குப் போய் வந்தவள். அப்படியென்றால் ஸ்கை பந்தயத்தில் தோற்றதாகப் பொய் சொல்லிப் பணத்தைக் கொடுத்து அவள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறான். அது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைக்கிறது. அடிலெய்ட் ஹாட் பாக்ஸ் கிளப்பில் ஆடுகிறவள். நேதனோடு நிச்சயமாகி 14 வருஷம், கல்யாணம்தான் நடக்கவில்லை. அவனோடு சண்டை போட்ட சூடு இன்னும் ஆறவில்லை. ஒருத்தி குழப்பத்தோடும் நம்பிக்கையோடும் வருகிறாள், மற்றவள் கடுப்போடு வருகிறாள். உங்கள் பிள்ளைகள் ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்களா? அப்படியானால் முதல் பாரிலேயே (பார் என்றால் இசையின் ஒரு தாளச் சுற்று) காட்சி போய்விட்டது.

அடுத்தது, யார் யாரை எங்கே மாற்றுகிறாள் என்று பாட்டுத் தாளில் பென்சிலால் கோடு போடுங்கள். ஆரம்பத்தில் அடிலெய்ட் கடைக் கதை சொல்கிறாள்: வாங்காத உடுப்பை எந்தக் கடையும் ஆல்டர் பண்ணித் தராது. சாரா அதை அப்படியே பிடித்துக்கொண்டு காய்கறிச் சந்தை உதாரணம் ஒன்று எடுத்துவிடுகிறாள். மிஷன்காரியும் கிளப் ஆட்டக்காரியும் ஒரே தராசில் ஏறுவது அங்கேதான். அதுவரை அவர்களுக்கு நடுவில் ரெண்டரை மீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்த வரிக்குப் பிறகு ஒன்றரை. கடைசி வரிக்குத் தோளோடு தோள். இந்தப் பாட்டுக்கு வேறு நடன அமைப்பே வேண்டாம், இடைவெளி குறைவதுதான் கதை. பெரும்பாலான ஜோடிகள் முதல் வரியிலேயே கையைக் கோத்துக்கொண்டு நிற்பதால் மீதி ரெண்டு நிமிஷத்துக்குப் போக இடமில்லாமல் போகிறது.

அப்புறம் அந்த இலக்கணத் திருத்தம். அடிலெய்ட் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்வாள், சாரா உடனே திருத்துவாள். மூன்றே சொல். பிள்ளைகள் அதை மெட்டோடு மெட்டாகக் கடந்து போய்விடுவார்கள். சாரா அதைப் பழக்கதோஷத்தில் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் 'ஐயோ, இங்கேயும் வாத்தியார் வேலை பார்த்துவிட்டோமே' என்று முகத்தில் தெரிய வேண்டும். அடிலெய்ட் அவளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அந்த ஒரு பார்வைக்கு ஒத்திகையில் பத்து நிமிஷம் செலவழித்தாலும் தகும்.

பாட்டின் பின்பாதியில் ஒரு பட்டியல் வரும், புருஷனை எப்படியெல்லாம் 'நல்ல மனுஷன்' ஆக்குவது என்று. ரீடர்ஸ் டைஜஸ்ட், கை லொம்பார்டோ, ராஜர்ஸ் பீட், கோல்ஃப், கலோஷஸ், ஓவல்டின். இதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே தெரிவது ஓவல்டின் ஒன்றுதான். கை லொம்பார்டோ அந்தக் காலத்து மிதமான நடன இசைக்குழுத் தலைவர். ராஜர்ஸ் பீட் அந்தக் காலத்தில் நியூயார்க்கில் இருந்த, ஆண்களுக்கான கண்ணியமான உடுப்புக்கடை. கலோஷஸ் மழைக்குச் செருப்பின் மேல் மாட்டும் ரப்பர் உறை. சூதாடி ஒருத்தன் கலோஷஸ் போட்டுக்கொண்டு நடப்பது கண்ணில் தெரிந்தால்தான் அந்தச் சொல்லில் சிரிப்பு வரும். ஒவ்வொரு சொல்லும் மற்றவள் சொன்னதைத் தூக்கியடிக்கிற புது யோசனை. ஆறையும் ஒரே தொனியில் சொன்னால் மளிகைச் சீட்டு வாசித்த மாதிரி ஆகிவிடும்.

பாடாத ஆள் என்ன செய்கிறாள் என்பதுதான் டூயலாக்கின் உயிர். லாம்டாவில் ரெண்டு பேருக்கும் தனித்தனி மதிப்பெண், தனித்தனி அறிக்கை. அதனால் சாரா பாடும்போது அடிலெய்டுக்கு ஓய்வு என்று எண்ணவேண்டாம். ஒரு பயிற்சி: சாரா பாடட்டும். அடிலெய்ட் தன் மனசில் ஓடுவதை இடையிடையே வாய்விட்டுத் தமிழில் சொல்லட்டும்: 'அட, இவளுக்கும் விவரம் தெரியுதே', 'நேதனுக்கு இதெல்லாம் நடக்குமா'. வீட்டு மொழியில் சொன்னால்தான் உண்மையான எண்ணம் வரும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். மூன்றாம் முறை வாய் திறக்காமல் அதே எண்ணம் ஓடட்டும். சரிபார்க்கப் போனில் வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்து, பாடுகிறவளைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றவளை மட்டும் பாருங்கள். கதை புரிகிறதா? புரியவில்லை என்றால் எந்த நொடியில் முகம் அணைந்துபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது அவளுடைய அடுத்த வரிக்கு ரெண்டு பார் முன்னாலாக இருக்கும். அந்த இடத்தில் மனசுக்குள் சொல் தேடுகிறாள்.

நிற்கும் விதம்: சோதனை அறை மேடை இல்லை. சாதாரண அறை, மேசைக்குப் பின்னால் ஒருத்தர், மூன்று நான்கு மீட்டர் தூரம், மைக் கிடையாது. முழுப் பக்கவாட்டில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றால் முகம் பாதிதான் தெரியும். ரெண்டு பேரும் பாதங்களை 45 பாகை முன்பக்கம் திருப்பி நிற்கட்டும், தலை மட்டும் துணையின் பக்கம் திரும்பட்டும். ஒருத்தி ஒரு அடி பின்னால் போனாலே மற்றவள் அவளோடு பேச முதுகைக் காட்ட வேண்டி வரும். அதனால் தரையில் டேப் ஒட்டி, ஒரே கோட்டில் நிற்கப் பழக்குங்கள். எக்ஸாமினரின் கண்ணைப் பார்த்துப் பாட வேண்டாம், அவர் எழுதிக்கொண்டிருப்பார், பிள்ளைக்குத்தான் பதற்றம். அவர் தலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் நியூயார்க் தெருவை வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேரும் அதே இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். ஒருத்தி இடப்பக்கச் சுவரையும் மற்றவள் கதவையும் பார்த்தால் தெரு ரெண்டாகிவிடும்.

---

பின்பாட்டு எழுதியது:

பியானோப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அந்த யூடியூப் ட்ராக்கை விட்டுவிடுங்கள். பின்னணியில் குரல் இருந்தால் சோதனைக்கு ஆகாது. மெல்லிசாகக் கேட்டாலும் பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்து பாடிப் பழகிவிடுவார்கள். நோட்டு வாங்கும்போது 'வோக்கல் செலெக்‌ஷன்ஸ்' என்ற தொகுப்புக்கும் முழு 'வோக்கல் ஸ்கோர்' என்பதற்கும் வித்தியாசம் பாருங்கள். தொகுப்புகளில் பாட்டைச் சுருக்கியிருப்பார்கள், சில சமயம் கீ (சுருதி) மாறியிருக்கும், வசனத்துக்கு அடியில் ஓடும் இசை இருக்காது. ஒருத்தி தொகுப்பைப் பார்த்தும் ட்ராக் முழு ஸ்கோரைப் பார்த்தும் இருந்தால், எங்கே தடுக்குகிறது என்றே தெரியாமல் ரெண்டு வாரம் போய்விடும். நகல் தாளோடு சோதனைக்குப் போக வேண்டாம். வாங்கிய புத்தகமோ உரிமத்தோடு தரவிறக்கியதோ கையில் இருக்கட்டும்.

முடிந்தால் ஆள் வைத்து வாசியுங்கள். இந்தப் பாட்டில் பேச்சும் பாட்டும் கலந்து வரும், சிரிப்புக்கு நொடி நேரம் காத்திருக்க வேண்டிய இடங்கள் உண்டு. ட்ராக் காத்திருக்காது. ட்ராக்தான் என்றால் அந்த இடைவெளிகளை இப்போதே முடிவு செய்து, அதே நேரத்துக்கு நடிப்பைப் பொருத்த வேண்டும். பியானோக்காரர் இருந்தால் அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூச்சு இழுக்கும் அசைவுதான் சைகை, அதை அவர் பார்த்துக்கொள்வார்.

வெட்டலாம், ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. முதலில் நேரத்தை அளந்து பாருங்கள். முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஒலி அடங்கும் வரை, வசனத்தையும் சேர்த்து மூன்று முறை ஓட்டி, மூன்றில் நீளமானதைக் கணக்கில் எடுங்கள். உங்கள் கிரேடுக்கு நடப்பு சிலபஸ் தரும் நேரத்துக்குள் அது வர வேண்டும், பத்து நொடியாவது கையிருப்போடு. கூடினால் முதலில் வாத்திய இடைவெளியை எடுங்கள், அடுத்தது திரும்பி வரும் பல்லவி. பட்டியல் பகுதியில் கை வைக்காதீர்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், முதல் தட்டு விழுவதற்கு மயிரிழை முன்னால் வெட்டி, ரெண்டு துண்டையும் 10 முதல் 20 மில்லி நொடி கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும்படி) செய்து ஒட்டினால் 'டிக்' சத்தம் வராது. சிம்பல் அடித்து அதிர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் வெட்டினால் அந்த ஒலி பாதியில் அறுந்து எல்லோருக்கும் கேட்கும். அதற்கு முந்தைய பாரிலேயே வெட்டுங்கள். ஒட்டுக்கு முன்னும் பின்னும் கீ ஒன்றாக இருக்கிறதா என்று பியானோவில் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சாரா வழுக்கும் இடம். அவளுடைய வரி அடிலெய்டின் வரிக்குப் பின்னாலேயே எதிரொலி மாதிரி நுழைகிறது. காது எப்போதும் சத்தமான மெட்டைப் பிடிக்கும், அதனால் மகளின் குரல் பலமாக இருந்தால் அவள் பின்னாலேயே போய்விடுகிறாள். 'கவனமாகப் பாடு' என்று சொல்லிப் பயனில்லை. இந்த வரிசையில் பழக்குங்கள்:

முதலில் ரெண்டு வரியையும் தனித்தனி ஆடியோவாகப் பதிவு செய்து, ஒவ்வொருத்தியும் *மற்றவளின்* வரியையும் பாடத் தெரிந்துகொள்ளட்டும். தெரியாத வரிதான் இழுக்கும். பிறகு சொல் இல்லாமல் 'நூ' என்று மட்டும், வேகத்தைப் பாதியாக்கி, முதுகோடு முதுகு ஒட்டி நின்று பாடட்டும். அடுத்து அறையின் ரெண்டு மூலையில், ஐந்து மீட்டர் தள்ளி. அதன் பிறகே சொல், அதன் பிறகே நடை. நடையைச் சேர்த்ததும் மறுபடி வழுக்கும், பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்துத் திரும்பப் பிடியுங்கள். வழுக்கும் இடத்தில் சாராவின் முதல் ஸ்வரம் பியானோவில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள், அதற்கு முந்தைய கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில்) எங்காவது இருக்கும். அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்து வாய்க்குள் முனகி, பிறகு நுழையப் பழகினால் போதும். மகள் அந்த நாலு பாருக்குச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், புதிதாக வரும் வரி மேலே கேட்க வேண்டும் என்பது பொது விதி.

ரெண்டு பேரும் சேர்ந்து முடிக்கும் சொற்களில் கடைசி மெய்யெழுத்து எந்தத் தட்டில் விழுகிறது என்று எண் போட்டு எழுதுங்கள். 'ட்', 'ட்' என்று ரெண்டு முறை கேட்டால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒத்திகை போதவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

---

கட்டை_ஐந்தரை எழுதியது:

வடலி அக்கா, கர்நாடக சங்கீதம் பெரிய உதவி, நாலைந்து இடத்தில் மட்டும் இடைஞ்சல்.

உதவி: சாராவின் வரியை ஸ்வரமாக எழுதச் சொல்லுங்கள். பாட்டு எந்த கீயில் இருக்கிறதோ அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், தன் வரி எந்த ஸ்வரத்தில் நுழைகிறது என்று அவளுக்கு மனசில் பிடிப்பு வரும். இது பெரிய வசதி. பியானோக்காரரோடு பேசும்போது குழம்ப வேண்டாம்: நம் கட்டைக் கணக்கில் (சுருதி அளவு) சி என்றால் ஒரு கட்டை, டி ரெண்டு, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை. கீ மாறுகிற இடத்தில் ஷட்ஜம் நகர்ந்துவிட்டது என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு முழுப் பாட்டையும் பழக வேண்டாம், கார்டு மாறும்போது கீழே ஒரே ஸ்வரம் நின்றால் காது குழம்பும்.

இடைஞ்சல் முதலாவது: கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஸ்வரத்துக்கு ஏறுவது. நமக்கு அது அழகு, இங்கே சுருதி தேடுவது போலக் கேட்கும். சொல்லின் முதல் மெய்யெழுத்தையே சரியான ஸ்வரத்தில் வைக்கச் சொல்லுங்கள். 'ம்' என்று தொடங்கும் சொல்லில் அந்த 'ம்'மே ஸ்வரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பாட்டின் தலைப்பே 'ம்'மில் தொடங்குவதால் நல்ல பயிற்சி.

ரெண்டாவது: தாளம். ரெண்டு பேரையும் வீடியோவில் பாருங்கள், வலது கை விரல் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கே தெரியாது. மிஷன் சார்ஜென்ட் சாரா தொடையில் ஆதி தாளம் போட்டால் எப்படி? செருப்புக்குள் பெருவிரலுக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது: குரல். நம் பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் கனத்த நெஞ்சுக் குரலில் பாடிப் பழகியவர்கள். அடிலெய்டுக்கு அது அப்படியே பொருந்தும். சாரா சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), தலைக்குரல் (மேல் ஸ்வரங்களில் இலேசாக வரும் குரல்) வேண்டும். நெஞ்சுக் குரலை அப்படியே மேலே இழுத்தால் சுருதி இறங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னால் வரும். தினமும் ஐந்து நிமிஷம், 'ஊ' என்று மேலிருந்து கீழே சைரன் மாதிரி இறக்கட்டும். கீழிருந்து மேலே ஏற்ற வேண்டாம், ஏற்றினால் நெஞ்சுக் குரல் கூடவே தொற்றிக்கொண்டு போகும். ரெண்டு பேரில் யாருக்குத் தலைக்குரல் இயல்பாக வருகிறது என்று ஒரு முறை சோதியுங்கள். உங்கள் மகளுக்குத்தான் வருகிறது என்றால் இப்போதே பாத்திரத்தை மாற்றலாம். நாலு கிழமை இருக்கும்போது மாற்ற முடியாது.

நாலாவது பரதம். சொல்லுக்குச் சொல் கை பேசும். 'கல்யாணம்' என்றால் கை மாலை போடும், 'போய்விடுவான்' என்றால் கை வாசலைக் காட்டும். பதத்துக்கு அபிநயம் பிடிக்கும் பழக்கம் அது. இந்த வகை நடிப்பில் பாத்திரம் தன் தேவைக்காகக் கையை அசைக்கிறாள், அர்த்தம் சொல்வதற்காக அல்ல. ஒரு வாரம் முழுக்க அடிலெய்ட் கையில் கைப்பையும் கைக்குட்டையும் பிடித்துக்கொண்டே பாடட்டும். கை கட்டுண்ட பிறகும் எந்த இடத்தில் தானாகத் துடிக்கிறதோ அந்தச் சைகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்குக்கு மேல் மிஞ்சாது. ஆனால் பரதம் தந்த கண் பார்வையைத் தொடாதீர்கள், அது சொத்து.

---

சனிக்கிழமை_வகுப்பு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கணும். என்னிடம் ரெண்டு பையன்கள் (16, 17). அவர்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன். அப்புறம் மதிப்பெண் விவரம். டிரினிட்டியில் (இன்னொரு சோதனை வாரியம்) 70 எடுத்த பையன் லாம்டாவில் 70 எடுத்தால் என்ன?

---

ஒத்திகை_அறை எழுதியது:

டிரினிட்டியில் 65 பாஸ், 75 மெரிட், 85 டிஸ்டிங்ஷன். லாம்டாவில் 50, 65, 80. ஆக அதே 70 அங்கே பாஸ், இங்கே மெரிட். ரெண்டு வாரியத்தின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். யூகாஸ் புள்ளி (பிரிட்டிஷ் பல்கலைக்கழக அனுமதிக்குச் சேரும் புள்ளி) பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், கிரேடு 6, 7, 8-க்குத்தான் உண்டு.

பையன்களுக்கு 'இன்டு த வுட்ஸ்' நாடகத்தில் ரெண்டு இளவரசர்கள் பாடும் 'ஆகனி'. யாருடைய காதல் வேதனை பெரியது என்று போட்டி. வேதனையை ரெண்டு பேரும் துளியும் சிரிக்காமல் நம்பினால்தான் சிரிப்பு வரும். ஒருத்தன் 'நான் காமெடி செய்கிறேன்' என்று கண்ணடித்தாலும் முடிந்தது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் 1946-ல் வந்த 'ஆனி கெட் யுவர் கன்' நாடகத்தின் போட்டிப் பாட்டு பலரும் எடுப்பது. ஆனால் யார் சத்தமாகப் பாடுவது, யார் நீளமாக இழுப்பது என்பதே பாட்டாக இருப்பதால் மூச்சுக் கட்டுப்பாடு இல்லாத ஜோடி தொட வேண்டாம்.

---

வடலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீடியோ எடுத்துப் பாத்தன், கட்டை_ஐந்தரை சொன்ன மாதிரி விரல் தட்டுது, ரெண்டு பேருக்கும்! இன்னும் கொஞ்சம் கேக்கிறன்: நியூயார்க் உச்சரிப்பு வேணுமோ? உடுப்பு, சாமான் என்ன கொண்டு போறது? நடுவில மறந்தால், ட்ராக் நிண்டால்? கேள்விக்கு எப்பிடி ஆயத்தம்?

---

பின்பாட்டு எழுதியது:

ட்ராக் நிற்பதைப் பற்றி மட்டும். பெரும்பாலும் ப்ளூடூத்தால்தான் நிற்கும். கேபிள் போடுங்கள், போனில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால் அடாப்டர் வாங்கிப் பையில் போடுங்கள். ஃப்ளைட் மோட், முழு சார்ஜ், கோப்பு போனுக்குள்ளேயே இருக்க வேண்டும், இணையத்திலிருந்து ஓட வேண்டாம். அதே கோப்பு இன்னொரு போனிலும் இருக்கட்டும். ஸ்பீக்கரை ஓட்டுவது யார் என்று மையத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்பீக்கர் பிள்ளைகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அவர்களுக்கும் எக்ஸாமினருக்கும் நடுவில் வைத்தால் அவருக்கு இசைதான் கேட்கும், பிள்ளைகளுக்கு எதுவும் கேட்காது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் பேஸ் வராது, கீழ் ஸ்வரம் கேட்காமல் பிள்ளைகள் சுருதி விடுவார்கள். எந்த ஸ்பீக்கரைக் கொண்டுபோகிறீர்களோ அதிலேயே கடைசி மூன்று வாரம் பழகுங்கள். அப்படியும் நின்றால் ஒருத்தி பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, அமைதியாக, ட்ராக் நின்றுவிட்டது என்று சொல்லட்டும். கருவிக் கோளாறு பிள்ளையின் பிழை இல்லை.

---

ஒத்திகை_அறை எழுதியது:

உச்சரிப்பு: அடிலெய்டுக்கு வேண்டும், சாராவுக்கு லேசாகப் போதும். அந்த வித்தியாசமே ரெண்டு பேர் யார் என்று சொல்லிவிடும். அந்தக் காலத்து நியூயார்க் பேச்சில் சொல்லின் கடைசி 'ர்' பெரும்பாலும் விழுந்துவிடும். 'ஆ' பக்கம் இருக்கும் சில உயிர்கள் 'ஓ' பக்கம் உருளும். ரெண்டே மாற்றத்தை எடுத்துக்கொண்டு பாட்டு முழுக்க ஒரே சீராக வையுங்கள். எட்டு மாற்றம் எடுத்து மூன்றாம் வரியில் லண்டனுக்குத் திரும்பி வருவதைவிட இது மேல். மூக்குக்குரல் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசும்போது மட்டும் இருக்கட்டும். நீட்டிப் பாடும் ஸ்வரத்தில் மூக்கால் பாடினால் குரல் நசுங்கும். இன்னொன்று, நம் பிள்ளைகளின் 'ட' நாக்கை மடித்து வரும். ஆங்கில 't' பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நாக்கு நுனி தட்டி வருவது. பாட்டில் அடிக்கடி வரும் ஒலி என்பதால் காதில் விழும்.

உடுப்பு: கறுப்பு அடிப்படை உடை, முழங்காலுக்குக் கீழே போகும் பாவாடை. சாராவுக்குக் கழுத்து வரை பட்டன் போட்ட ஜாக்கெட், முதுகு தானாக நிமிரும். அடிலெய்டுக்கு ரெண்டு மூன்று சென்டிமீட்டர் குதிகால் செருப்பு, நடை மாறிவிடும். அந்தச் செருப்பை இன்றைக்கே ஒத்திகையில் போட ஆரம்பிக்க வேண்டும். சாமான் கைப்பையும் கைக்குட்டையும் மட்டும். அடிலெய்டுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் கவலையிலேயே ஜலதோஷம் பிடிக்கும் என்பது நாடகத்தில் முந்தைய பாட்டொன்றின் விஷயம், அதனால் கைக்குட்டை சும்மா அலங்காரம் இல்லை. ஆனால் தும்மல் ஒன்று போதும், அதையும் தன் வரிக்கு உடனே முன்னால் வைக்க வேண்டாம், தொண்டை இறுகிய நிலையில் முதல் ஸ்வரம் உடையும்.

மறந்தால்: மற்றவள் வாயை அசைத்து எடுத்துக்கொடுக்கக் கூடாது, அது எக்ஸாமினருக்கு அப்படியே தெரியும். மறந்தவள் துணையின் முகத்தைப் பார்த்தபடி பாத்திரமாகவே நின்று அடுத்த வரியில் நுழைய வேண்டும். இதையும் ஒத்திகை பார்க்கலாம். நீங்கள் ஏதாவது ஒரு பாரில் கை தட்டுங்கள், தட்டியதும் ஒருத்தி வாயை மூட வேண்டும், மற்றவள் காட்சியை நிறுத்தாமல் தூக்கிப்போக வேண்டும். வாரம் ரெண்டு முறை செய்தால் சோதனை நாளில் மறதி வந்தாலும் பயம் வராது.

கேள்விக்கு: எழுதி மனப்பாடம் செய்த பதில் வேண்டாம், ரெண்டாவது கேள்வியில் குட்டு உடையும். இவை தெரிந்தால் போதும்: இசையும் பாட்டும் ஃபிராங்க் லெஸர், கதை வசனம் ஜோ ஸ்வெர்லிங், ஏப் பர்ரோஸ், மூலம் டேமன் ரன்யனின் சிறுகதைகள். பாட்டுக்கு முன்னும் பின்னும் கதையில் என்ன. தன் பாத்திரத்துக்கு மற்றவளிடம் என்ன வேண்டும். ஏன் அந்த இடத்தில் நடந்தாள், ஏன் நின்றாள். முதல் வரியில் வரும் கடைகள் ஏன் அந்த வரிசையில்: சாக்ஸ் பணக்காரக் கடை, க்ளைன்ஸ் அந்தக் காலத்து மலிவுக் கடை, எதுவானாலும் சட்டம் ஒன்றுதான் என்கிறாள். குரலை எப்படிச் சூடாக்கினாள், மூச்சு எங்கே எடுத்தாள் என்பதும் வரலாம். ஒருத்தியிடம் கேட்ட கேள்விக்கு மற்றவள் பாய்ந்து பதில் சொல்லும் வழக்கம் நெருங்கிய சிநேகிதிகளிடம் அதிகம். வீட்டில் கேள்வி கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள், அடுத்தவள் வாய் திறந்தால் அந்தக் கேள்வியை ரத்து செய்யுங்கள்.

பத்து வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் மூன்றில் பிரதி வாசிப்பு, வரிகள் ஒன்றின் மேல் ஒன்று வரும் பகுதி, ட்ராக் அல்லது பியானோ முடிவு. அடுத்த நாலில் இடைவெளி, பார்வை, பட்டியல். எட்டாவதில் செருப்பும் கைப்பையும் சேர்ந்த முழு ஓட்டம், தெரியாத ரெண்டு பேர் முன்னால். கடைசி ரெண்டில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கடைசி நாளில் ஒரு பெரியம்மா வந்து 'இங்கே கையைத் தூக்கினால் நல்லா இருக்குமே' என்பார், சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

---

வடலி எழுதியது:

தலைக்குரல் சோதிச்சுப் பாத்தன். 'ஊ' சைரனில மகளுக்குத்தான் மேல இலேசா வருது, மற்றவவுக்கு நடுவில உடையுது. ஆனா அடிலெய்டின்ர குறும்பு மகளுக்குத்தான் இருக்கு. மாத்துறதோ?

---

கட்டை_ஐந்தரை எழுதியது:

குறும்பைப் பத்து கிழமையில் பழக்கலாம் அக்கா, தலைக்குரலைப் பத்து கிழமையில் கட்ட முடியாது. அதோடு மற்ற வரியையும் ரெண்டு பேரும் எப்படியும் கற்கப் போகிறார்கள். மாற்றுங்கள். மாற்றிய உடனே, இதுவரை வழுக்கிய அந்த நாலு பாரை முதலில் எடுத்துப் பாருங்கள். எதிரொலி வரி இப்போது மகளுடையது, சத்தமான குரல் அவளுடையதுதான் என்றால் வழுக்குவது பாதி குறையும்.